வாசகர் கேள்வி-பதில்: கலங்கிய கடல் எல்லாம் அழுக்கா?

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளுடன் மெரினாவுக்குச் சென்றிருந்தோம். முழங்கால் அளவு நீரிலேயே பாதம் தெரியவில்லை. லட்சத்தீவுக்குப் போய்வந்த உறவினர் காட்டிய படங்களிலோ, கடலடியில் கிடக்கும் பவளப்பாறையும் அதைச் சுற்றும் மீன்களும் பளிச்சென்று தெரிகின்றன. நம் கரைக் கடல் அவ்வளவு அழுக்காகிவிட்டதா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கலங்கலை மட்டும் வைத்து அழுக்கு என்று முடிவுகட்ட முடியாது. மெரினாவில் பாதம் தெரியாததற்கு முதற்காரணம் மணல்தான். திறந்த கரையில் அலை ஓயாமல் உடைந்து அடிமணலைக் கிளப்புகிறது. கரையோர நீரோட்டமோ பருவக்காற்றுக்கு ஏற்பத் திசை மாறி, அந்த மணலை வடக்கும் தெற்குமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. லட்சத்தீவில் வண்டல் கொண்டுவர ஆறு ஒன்றும் இல்லை. தீவைச் சூழ்ந்த பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உட்புறக் காயல் அசைவின்றிக் கிடக்கிறது. ஸ்நார்க்கலிங் செய்வோர், அதாவது மூச்சுக்குழாய் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்போர், அங்கே போவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். ஊட்டச்சத்து மிகுந்த நீரில் அவை பெருகுவதால் கடல் பச்சை தட்டுகிறது. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களும், அவற்றைத் தேடி மீன்களும் அங்கே கூடுகின்றன. கண்ணாடிபோல் தெளிந்த வெப்பக் கடலை, ஒரு வகையில், பட்டினிக் கடல் என்றே சொல்ல வேண்டும். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி மத்தியதரைக் கடலில் இறக்கி, அது பார்வைக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு தெளிவை அளந்தார். 1986-இல் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் இத்தகைய தட்டு ஏறத்தாழ 80 மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. இன்றும் பயன்படும் இந்த எளிய முறை தெளிவைத்தான் சொல்லுமே தவிர, நீரில் கிருமி உண்டா, நஞ்சு உண்டா என்று சொல்லாது.

கேள்வி: அப்படியானால் குளிக்கத் தகுந்த கடல் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஆற்காடு

பதில்: ஆய்வகச் சோதனையின்றி உறுதியாகச் சொல்ல இயலாது. குளிக்கும் கடல்நீருக்கு நம் நாட்டில் விதித்துள்ள தரப்படி 100 மில்லிலிட்டரில் மலக்கிருமிகளின் எண்ணிக்கை 100-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. கலங்கலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், கிருமியைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். எனவே கூவம், அடையாறு போன்ற முகத்துவாரங்களின் அருகிலும், பெருமழை பெய்த ஓரிரு நாள்களிலும் கடலில் இறங்காமல் இருப்பது நல்லது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரை, கடற்கரைகளுக்கு வழங்கப்படும் சர்வதேசத் தரச் சான்றான நீலக்கொடியை 2021-இல் பெற்றது. நீர்த் தரத்தைத் தொடர்ந்து சோதித்து வருவது அச்சான்றின் நிபந்தனைகளுள் ஒன்று.

கேள்வி: எங்கள் பக்கத்து டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவு பாலாற்று வழியே கடலுக்குப் போய்விடுகிறது என்கிறார்கள். உண்மைதானா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: பெரும்பாலும் இல்லை, நமக்கு அது நல்ல செய்தியும் அல்ல. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால், ஆண்டில் பல மாதங்கள் அது வெறும் மணலாகக் கிடப்பதை வேலூர் பாலத்தில் நின்று பார்க்கிற எவரும் அறிவர். ஓடாத ஆற்றில் விடப்பட்ட கழிவு கடலுக்குப் போகவில்லை; மணலில் இறங்கி நம் கிணறுகளுக்குத்தான் வந்து சேர்ந்தது.

பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அவ்வளவு உப்பும் கழிவுநீரில் இறங்கிவிடும். வெளியே விடும் அந்த நீரில் கரைந்துள்ள திடப்பொருளுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு உள்ளது. கடலுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாத உப்பு, நெல் வயலையும் குடிநீர்க் கிணற்றையும் பாழாக்கப் போதுமானதாக இருந்தது. உப்பேறிய கிணற்று நீரை டம்ளரில் பிடித்தால் பளிங்குபோல் தெளிந்திருக்கும். சோப்பு நுரைக்காது, காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். முதல் கேள்வி கேட்ட குடியாத்தம் வாசகிக்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

குரோமியத்தின் போக்கு வேறு. குரோமியம் என்ற உலோகம் இரு வடிவங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிற குரோமியம் வண்டலோடு ஒட்டிக்கொண்டு பெரிதும் அங்கேயே தங்கும். நச்சு மிகுந்த அறுவிணைதிற குரோமியமோ நீரோடு எளிதில் நகரும். வண்டலில் தங்கியதும் என்றென்றைக்கும் அசையாது என்பதில்லை. 2021 நவம்பரில் வந்ததுபோல் கரைபுரளும் வெள்ளம் வந்தால் ஆற்றுப்படுகையே பெயர்ந்து, மேலே படிந்தவை கீழ்நோக்கிப் போகும். தாங்கள் கேட்டது அந்தச் சில நாள்களுக்கு மட்டும் பொருந்தும்.

டேனரிக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.