கருவில் எந்தச் செல் குழந்தையாகும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதித் தகவலால் சில ஜீன்கள் விழிப்பதும் சில உறங்குவதும்தான் 'மரபணு சமிக்ஞை'.

மனிதக் கருவில் முதல் இரண்டு நாள், தாயின் முட்டை விட்டுச் சென்ற சரக்கை வைத்தே வேலை நடக்கிறது. மூன்றாம் நாள் வாக்கில், 4 முதல் 8 செல் கட்டத்தில்தான் கருவின் சொந்த ஜீன்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்கும். (எலிக்கு அவசரம்: 2 செல்லிலேயே ஆரம்பித்துவிடும்.)

அப்புறம் வருகிறது முதல் பெரிய பாகப்பிரிவினை: எந்தச் செல் நஞ்சுக்கொடி, எந்தச் செல் குழந்தை. கூட்ட நெரிசலான பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பவரை நாலாபுறமும் ஆள் நெருக்கும். படிக்கட்டில் தொங்குபவருக்கு ஒரு பக்கம் காற்றுப் படும். செல்லும் இப்படித்தான் தன் இடத்தை உணர்கிறது. வெளியே இருக்கும் செல்லில் 'ஹிப்போ' என்ற சமிக்ஞைப் பாதை (தகவலைக் கைமாற்றும் புரத வரிசை) அடங்கிவிடும். உடனே 'யாப்' என்ற புரதம், செல்லுக்குள் ஜீன்கள் இருக்கும் அறையான உட்கருவுக்குள் நுழைந்து, நஞ்சுக்கொடிக்கான ஜீன்களை எழுப்பும். உள்ளே நெருக்கப்பட்ட செல்லில் ஹிப்போ அந்தப் புரதத்தை உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கும். குழந்தையின் உடல் உருவாவது இந்த உட்புறச் செல்களிலிருந்துதான்.

'ஹிப்போ' என்ற பெயருக்குக் காரணம் நீர்யானையேதான். இந்தப் பாதையில் அதே பெயருள்ள ஜீன் பழுதான பழ ஈயின் தலை பெருத்து, தோல் மடிந்துபோனதாம்!

நஞ்சுக்கொடிச் செல்லுக்கு ஒரு ஜீன் தொகுப்பு, குழந்தைச் செல்லுக்கு வேறு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே தொகுப்பு, எது விழித்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.