ஷிரிமசென்னா, வகரிமசென்னா?

கேள்வி: அக்கா, டிசம்பரில் ஜப்பான் மொழிச் சோதனையின் நான்காம் நிலை எழுதப் போகிறேன். ‘ஷிரு’, ‘வகரு’ (இல்லை என்று சொல்லும்போது ‘ஷிரிமசென்’, ‘வகரிமசென்’) இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் அகராதியில் கிடக்கிறது. போன கிழமை வகுப்பில் சென்செய் (ஆசிரியர்), “ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார். ‘தெரியாது’ என்று நினைத்து “ஷிரிமசென்” என்றேன், அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. என்ன பிழை?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இலக்கணம் சரிதான் தங்கச்சி, சொல்தான் மாறிப்போச்சு. ஷிரு என்பது வெளியிலிருந்து வந்து சேரும் தகவல், ஒருவருடைய ஃபோன் நம்பர் மாதிரி. வகரு என்பது யோசித்து விளங்குவது, மனதுக்குள் தெளிவாவது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களிடமே கேட்கும்போது “ஷிரிமசென்” என்றால், ‘எனக்கென்ன தெரியும்’ என்று முகத்தைத் திருப்பின மாதிரிப் படும். “மதா வகரிமசென்” என்றிருந்தால், இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொன்று, சோதனையில் இதில் கட்டாயம் கவனம் வேண்டும்: ‘தெரியும்’ என்பதற்கு “ஷித்தெ இமஸ்”, ஆனால் ‘தெரியாது’ என்பதற்கு “ஷிரிமசென்” தான்; “ஷித்தெ இமசென்” என்று எழுதிவிடாதீர்கள்.

ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிப்பதுதான் உங்களை இழுத்து விழுத்துகிறது என்று நினைக்கிறேன். அங்கே ‘ரைஸ்’ என்று ஒரே சொல், நமக்கோ வயலில் நிற்பது நெல், கடையில் வாங்குவது அரிசி, கோப்பையில் சோறு. ஜப்பானியரும் இனெ, கொமெ, கொஹன் என்று அப்படியே பிரிக்கிறார்கள், எங்களுக்கு அது பாடமே இல்லை.

ஆனால் தமிழும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. நுவரெலியாவும் குளிர், பிரிட்ஜ் தண்ணியும் குளிர் என்போம். அவர்களுக்கு, உடம்பு முழுக்க நடுங்க வைக்கும் காலநிலை ‘சமுய்’, கையில் பட்டுச் சில்லிடும் தண்ணீர் ‘ட்சுமெதாய்’. தண்ணீரைச் ‘சமுய்’ என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். இரக்கமில்லாத மனிதரையும் ‘ட்சுமெதாய்’ என்பார்கள், அங்கே ‘சமுய்’ பொருந்தாது.

அதனால் கொப்பியில் சொல்லையும் ஆங்கிலப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதை இன்றைக்கே விடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வருகிற ஒரு முழு வசனம், யார் யாரிடம் எப்போது சொன்னது என்பதோடு எழுதுங்கள். முதல் வசனமாக, சென்செயின் அந்தக் கேள்வியும் “மதா வகரிமசென்” என்ற பதிலும் இருக்கட்டும்.