கேள்வி நேரம்: பட்டாளத்துக்காரர் வீடும் பக்கத்து வீடும்

கேள்வி (வாசகி, ஆரணி): பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது அந்த அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. போய் நன்றி சொல்ல வேண்டும்போல இருக்கிறது, ஆனால் நாடகம் மாதிரி ஆகிவிடுமோ?

பதில்: ஆகிவிடும். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, கிண்ணத்தில் குழம்பு கொடுத்தனுப்புவோம். அதையே செய்யுங்கள்.

எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவியில் சண்டைச் செய்தி ஓடியதும் "அவர் எங்கே இருக்கார், பத்திரமா இருக்காரா?" என்று போன் போடாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கே தகவல் இருக்காது. அவர் போன் ஆஃப் ஆகியிருக்கும், கடித முகவரியில்கூட ஊர்ப் பெயர் கிடையாது, 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று ராணுவ அஞ்சலக எண்தான் இருக்கும். சொந்தக்காரர் ஒவ்வொருவரும் அக்கறையாகத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அந்த அக்கா என்ன நினைத்துக்கொண்டு போனை எடுப்பார்? அந்த மாதிரி நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள், சாயங்காலம் உங்கள் வீட்டிலேயே சாப்பிட வையுங்கள், டிவியை மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் பேப்பர் வேலை. தியாகம் பற்றி மேடையில் பேசுகிற யாரும் இதைத் தொடுவதில்லை. ராணுவத்தில் இருப்பவருக்குக் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும், படைப்பிரிவில் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டால்தான் அந்தப் பெயர்கள் ஆவணத்தில் ஏறும். அதில் நம் ஆட்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு: ஆதாரில் 'எஸ். லட்சுமி' என்று இருக்கும், ராணுவ ஆவணத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீட்டிச் சேர்த்திருப்பார்கள், பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கும். அவர் சர்வீஸில் இருக்கும்வரை இதெல்லாம் யார் கண்ணிலும் படாது, குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போதுதான் அந்த ஓர் எழுத்து அலைய விடும். "ஏதாவது ஆகிவிட்டால்" என்று இந்தப் பேச்சை ஆரம்பிக்க முடியாதுதான். "பிள்ளை அட்மிஷனுக்கு ஆதார் திருத்தப் போறேன்க்கா, நீங்களும் வர்றீங்களா?" என்று கூப்பிடலாமே. அவர் அடுத்த லீவில் வரும்போது மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் வேலூர், ஆரணிப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உண்டு. அந்த மாமியாரும் ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வாங்குபவராக இருக்கலாம். அப்படியானால் வருஷா வருஷம் ஆயுள் சான்று தர வேண்டும், இப்போது அது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில். தேய்ந்துபோன விரல் ரேகையை மெஷின் ஏற்காமல் பாட்டிகள் படும் பாடு இருக்கிறதே! ஒருநாள் கூட்டிப்போய் முடித்துக் கொடுத்தீர்கள் என்றால் அதைவிட என்ன வேண்டும்.

கேள்வி (வாசகர், மதுரை): சம்பளம், சலுகை விலையில் சாமான் வாங்கக் கேன்டீன், பென்ஷன் எல்லாம் கிடைக்கிறது. விரும்பித்தானே சேர்கிறார்கள்? இதில் தனியாக நன்றி எதற்கு?

பதில்: விரும்பித்தான் சேர்கிறார்கள், பல வீடுகளில் அது வறுமை பார்த்து எடுத்த முடிவும்கூட. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ஒருவர் ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர். புதிதாகக் கட்டிய வீட்டின் புகுவிழாவுக்கு அவரால் வர முடியவில்லை என்று அப்போது செய்தித்தாள்களில் படித்தோம். பிறகு வீர் சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களிடம் போய் இந்தக் கேன்டீன் கணக்கைச் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது.

கேன்டீன் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லீவில் வந்தவரைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி "எப்ப வந்தீங்க?", இரண்டாவது "பாட்டில் கொண்டாந்தீங்களா?" முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போனேன். கொடிநாள் டிக்கெட் என்று 100 ரூபாயைக் கட்டாயமாக வாங்கிவிட்டார்கள். இந்தப் பணம் நிஜமாகவே வீரர்களுக்குப் போகிறதா?

பதில்: கட்டாயப்படுத்தியது தப்பு, அது நன்கொடைதான், கட்டணம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் கொடிநாளையே சந்தேகப்பட வேண்டாம். 1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதி நடப்பது இது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று சின்னக் கொடியில் இருக்கும் மூன்று நிறமும் முப்படைகளுக்கு. முன்னாள் படைவீரர், போரில் கணவரை இழந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் ஆகியோருக்குப் படிப்பு, திருமண உதவி என்று இந்த நிதியிலிருந்து போகிறது. முன்னாள் ராணுவத்தினர் எல்லோருக்கும் பென்ஷன் உண்டு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி இல்லை: சிப்பாய்க்குப் பொதுவாக 15 வருஷ சேவை முடிந்தால்தான் பென்ஷன், அதற்கு முன்பே அனுப்பப்பட்டவர்களில் பலர் பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள். அவர்களில் 65 வயது தாண்டிய ஏழைகளுக்குத் தரும் உதவித்தொகையும் இந்த நிதியிலிருந்துதான்.

அடுத்த முறை உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே நேராகக் கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அப்படி பென்ஷன் இல்லாத பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். விண்ணப்பம் கொடுக்க வேண்டிய இடமும் அதுதான்.