மகள் குற்றவியல் நீதி படிக்கட்டுமா?

கேள்வி: நாங்கள் சான் ஹோசேயில் வசிக்கிறோம். எங்கள் மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். மதிப்பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் நான்காண்டுப் பல்கலைக்கழகம் வேண்டாம், கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ படிக்கிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் கணவர் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். துப்பறியும் தொடர்களைப் பார்த்து ஆசைப்படுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். இதைப் படித்தால் போலீஸ் வேலைதானா? உறவினர்களிடம் என்ன சொல்வது? வழி சொல்லுங்கள்.
— ஒரு தாய், கலிஃபோர்னியா

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று கல்லூரியைப் பற்றியது, மற்றொன்று பாடத்தைப் பற்றியது. முதல் கவலைக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு, இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவு ஒன்றுக்கு, கட்டணம் 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்குரிய 60 யூனிட்டுக்கும் சேர்த்துப் பார்த்தாலும் 2,760 டாலர்தான். புத்தகமும் போக்குவரத்தும் தனி. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் அந்தக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. மாநிலத்தின் நான்காண்டுப் பல்கலைக்கழக அமைப்பான கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியின் வளாகங்களிலோ ஓராண்டுக்கே 6,000 டாலருக்கு மேல் ஆகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவதற்கென்றே உள்ள இரண்டாண்டுப் பட்டமான ‘மாற்றலுக்கான இணைப்பட்டம்’ பெற்ற மாணவருக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டி அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. மீதமுள்ள 60 யூனிட்டையும் முடித்தால் அவர் கையில் இருப்பது மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே இளங்கலைப் பட்டம்தான். விரும்பிய வளாகம் உறுதி என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அமைப்பில் எங்கேனும் ஓரிடம் உறுதி என்பதே சட்டம். மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழக அமைப்பான யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களுக்கு இந்த உறுதிமொழி பொருந்தாது என்பதால், அர்வைனில் உள்ள குற்றவியல் துறை போன்ற ஒன்றை மகள் மனத்தில் வைத்திருந்தால் அதற்குரிய பாடங்களைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே துறையில் சான்றிதழ், வேலைக்கான இணைப்பட்டம், மாற்றலுக்கான இணைப்பட்டம் என மூன்றும் வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. வகுப்புகளும் ஏறத்தாழ ஒன்றேபோல் இருக்கும். ஆனால் மேற்படிப்புக்குக் குறையில்லாமல் கைகொடுப்பது மூன்றாவது மட்டுமே. இத்துறை இங்குள்ள கல்லூரிகளின் பட்டியலில் பெரும்பாலும் ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற பெயரில் இருக்கும் என்பதால், ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்று தேடிவிட்டு இல்லையென்று முடிவு செய்துவிடாதீர்கள்.

இனிப் பாடத்துக்கு வருகிறேன். இது போலீஸ் பயிற்சி என்ற எண்ணம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதன்று, அமெரிக்கர்களுக்கும் உண்டு. அதற்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. பெர்க்லி நகரத்தின் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் காவலர்கள் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். உங்கள் ஊர் சான் ஹோசே ஸ்டேட் கல்லூரியில் 1930இல் தொடங்கிய போலீஸ் பள்ளி அந்தச் சிந்தனையின் விளைவு. 1967இல் குடியரசுத் தலைவர் அமைத்த குழு ஒன்று காவலர்களின் கல்வித் தகுதியை உயர்த்தச் சொன்னது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் வழியே கூட்டாட்சி அரசின் பணம் இப்படிப்புக்குக் கொட்டியது. நாடெங்கும் கம்யூனிட்டி காலேஜ்களில் இத்துறை காளான்போல் முளைத்தது அப்போதுதான். காவலர்களுக்காக வந்த படிப்பு காலப்போக்கில் நீதிமன்றம், சிறை, சிறார் நீதி, பாதிக்கப்பட்டோர் உதவி என விரிந்துவிட்டது. போலீஸ் படிப்பு என்ற பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் உங்கள் சந்தேகம் பாதி தீரும். 1963 அக்டோபர் இறுதியில் ஒரு பிற்பகல். கிளீவ்லேண்ட் நகரத்தில் மாற்றுடையில் இருந்த ஒரு துப்பறிவாளர், இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடையின் கண்ணாடியருகே நடந்து போய் உள்ளே பார்ப்பதையும், திரும்பி வந்து தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் கவனிக்கிறார். இது பத்துப் பன்னிரண்டு தடவை நடக்கிறது. பிறகு மூன்றாவது ஆள் ஒருவரும் வந்து பேசுகிறார். துப்பறிவாளர் அருகே சென்று பெயரைக் கேட்கிறார். தெளிவான பதில் இல்லை. ஒருவரைத் திருப்பி நிறுத்தி மேல்கோட்டின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்க்கிறார், உள்ளே கைத்துப்பாக்கி இருக்கிறது. தடவிப் பார்ப்பதற்கு முன் அவர்கள் எந்தக் குற்றமும் செய்ததாகத் தெரியவில்லை, கைது செய்யப் போதிய ஆதாரமும் இல்லை. அப்படியானால் அந்தச் சோதனை செல்லுமா? செல்லும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘டெர்ரி எதிர் ஒஹாயோ’ என்ற அந்த வழக்கைப் படிக்காமல் எந்த மாணவரும் இத்துறையைக் கடக்க முடியாது. கோட்டில் துப்பாக்கி இல்லாமல் இருந்திருந்தால் உங்கள் பதில் மாறுமா என்று ஆசிரியர் கேட்பார், சோதனைக்கு முன் தெரிந்ததை வைத்தே அது செல்லுமா என்று பார்ப்பதால் மாறக்கூடாது என்பதைப் புரிந்துகொள்ளவே சிலருக்கு ஒரு வாரம் ஆகும். தொடரில் வரும் துரத்தலும் துப்பாக்கிச் சூடும் இங்கே கிடையாது. தீர்ப்புகளைப் படிப்பதும், அறிக்கை எழுதுவதும், சாட்சியம் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று வாதிடுவதும்தான் பெரும்பகுதி. இவற்றில் மகளுக்கு ஆர்வம் இருக்கிறதா என்பதைப் பார்த்தால் அவளுடைய ஆசை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது வேலை. இங்கே நான் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. தடயவியல் ஆய்வகத்தில் வேலை செய்ய ஆசைப்பட்டால் இந்தப் பட்டம் போதாது, அங்கே கேட்பது வேதியியல் அல்லது உயிரியல். சான் ஹோசே ஸ்டேட்டிலேயே தடயவியல் அறிவியல் தனி இளங்கலைப் பட்டமாக இருக்கிறது. அதற்குரிய வேதியியல், உயிரியல், கணக்கு வகுப்புகளை முதல் ஆண்டிலிருந்தே எடுக்க வேண்டும். வழக்கறிஞராக விரும்பினால் எந்த இளங்கலைப் பட்டமும் போதும், சட்டக் கல்லூரி குற்றவியல் நீதிக்கென்று தனிச் சலுகை தருவதில்லை. எஃப்.பி.ஐ. சிறப்பு முகவராக இளங்கலைப் பட்டமும் பொதுவாக இரண்டாண்டு முழுநேர வேலை அனுபவமும் வேண்டும், 23 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். நன்னடத்தை அதிகாரி, நீதிமன்றப் பணியாளர், பாதிக்கப்பட்டோருக்கு வழிகாட்டுபவர், குற்றத் தரவுகளை அலசுபவர் ஆகிய பணிகளுக்கு இந்தப் படிப்பு நேராகப் பயன்படும்.

ஆயினும் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலைச் சந்தையில் நிற்பது கடினம் என்பதே என் கருத்து. காவல் துறைகள் பலவும் பள்ளிப் படிப்பையே குறைந்தபட்சத் தகுதியாகக் கேட்கின்றன, எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். எனவே கூடவே இன்னொரு திறமை வேண்டும். ஸ்பானிஷ் மொழியில் சரளமாகப் பேசத் தெரிந்தவருக்குக் கலிஃபோர்னியாவில் எந்த நீதித் துறை அலுவலகத்திலும் மதிப்புண்டு. கணக்கியல் தெரிந்தால் நிதிக் குற்றங்களின் பக்கம் போகலாம். சிகாகோவின் பேர்பெற்ற குற்றக் கும்பல் தலைவன் அல் கபோனை 1931இல் குற்றவாளி என்று நிறுவியது கொலை வழக்கன்று, வருமான வரி வழக்கு. அந்த வரித் துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு இன்றும் கணக்கியல் படித்தவர்களையே தேடுகிறது. உங்கள் கணவருக்கும் இங்கே இடமிருக்கிறது: புள்ளியியலும் அடிப்படை நிரலாக்கமும் எடுத்துக்கொண்டால் குற்றத் தரவு ஆய்வுக்கும் கணினித் தடயவியலுக்கும் வழி திறக்கும். புள்ளியியல் வகுப்பு மாற்றலுக்கான கணக்குத் தேவையையும் நிறைவு செய்யும்.

காவல் பணிதான் நோக்கம் என்றால், பட்டமும் போலீஸ் அகாடமியும் வேறு வேறு என்பதை அறிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணி நேரம். சில கம்யூனிட்டி காலேஜ்களே அதையும் நடத்துகின்றன என்பதால் குழப்பம் ஏற்படுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காவலராகச் சேர 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே 18 வயதில் படிப்பைத் தொடங்குபவருக்கு அவசரப்பட ஒன்றுமில்லை. பணிக்கு எடுப்பதற்கு முன் நடக்கும் பின்னணி விசாரணைதான் பலரைக் கழித்துவிடுகிறது. வண்டி ஓட்டிய வரலாறு, கடன் பாக்கி, சமூக ஊடகப் பதிவுகள், பழைய நண்பர்கள் எல்லாவற்றையும் துருவுவார்கள். கஞ்சா கலிஃபோர்னியாவில் 21 வயதானவர்களுக்குச் சட்டப்படி குற்றமில்லை என்றாலும் கூட்டாட்சிப் பணிகளில் அது தடையாகலாம். இதை இப்போதே மகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பெண் பிள்ளைக்கு இந்த வேலையா என்று உறவினர் கேட்டால், சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992லேயே வந்துவிட்டது என்று சொல்லுங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது: மகளின் குடியேற்ற நிலை. அவள் அமெரிக்கக் குடிமகள் என்றால் மேலே சொன்ன எல்லா வழிகளும் திறந்தே இருக்கின்றன. கிரீன் கார்டு இருந்தால் எஃப்.பி.ஐ. போன்ற கூட்டாட்சிப் பணிகளுக்குக் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் காவல் பணிக்குக் குடியுரிமை கட்டாயம் என்ற விதி 2023 முதல் இல்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். பெற்றோர் குடியுரிமை பெறும்போது கிரீன் கார்டுடன் அவர்களோடு வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது தானாகவே வந்துவிடும், 18 கடந்துவிட்டால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அவள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருந்தால் என் ஆலோசனையே மாறுகிறது. அந்த விசாவில் பிள்ளைகள் வேலை செய்ய முடியாது. 21 வயதானதும் சார்பு நிலை முடிந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். அதன்பின் உள்ளூர்க் கட்டணமும் கிடைக்காது. பட்டம் பெற்றபின் எஃப்-1 மாணவர்களுக்குக் கிடைக்கும் ஓராண்டு வேலை அனுமதியை அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகள் மேலும் 24 மாதங்கள் நீட்டிக்கலாம். பொதுவான குற்றவியல் நீதிப் பட்டத்துக்கு அந்த நீட்டிப்பு இல்லை, தடயவியல் அறிவியலுக்கும் கணினிப் படிப்புக்கும் உண்டு. இந்த நிலையில் உங்கள் கணவர் சொல்வதே சரி. கணினியை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு நீதித் துறை வகுப்புகளை விருப்பப் பாடமாக எடுப்பது பாதுகாப்பானது. முடிவுக்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்த தேதியைப் பொறுத்துச் சிலருக்கு 21 வயதுக் கணக்கு மாறும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலைநாள் காலையில் மகளை ஹெட்டிங் தெருவில் உள்ள குற்றவியல் நீதிமன்றமான ஹால் ஆஃப் ஜஸ்டிஸுக்கு அழைத்துச் செல்லுங்கள். குற்ற வழக்குகளின் விசாரணையைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். கைதானவர்களை முதன்முறை ஆஜர்படுத்தும் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வழக்கும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்: குற்றச்சாட்டு, அரசு செலவில் வழக்கறிஞர், அடுத்த தேதி. பரபரப்பு எதுவும் இராது. அந்த அறையில் இரண்டு மணி நேரம் சலிப்பில்லாமல் உட்கார்ந்து, வெளியே வந்து கேள்விமேல் கேள்வி கேட்கிறாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சேரும்போது விண்ணப்பத்தில் கல்வி இலக்கைக் கேட்கும் இடத்தில் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவதையே குறிக்கச் சொல்லுங்கள். முதல் பருவம் முடியும் முன்பே கவுன்சலரைச் சந்தித்து, நான்கு பருவங்களுக்கும் எந்தெந்த வகுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.