பழைய ஃபோர் பை ஃபோர் வாங்கியாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: ஆறு வருஷம் ஓடிய மஹிந்திரா தார் வாங்கியிருக்கிறேன். கையில் எழுபதாயிரம் மிச்சம். வின்ச், எல்.இ.டி. பார், ரூஃப் கேரியர்: எதை முதலில் போடலாம்?
— வாசகர், உச்சிப்புளி

பதில்: மூன்றும் இப்போது வேண்டாம். வின்ச் என்பது வண்டியைத் தானே இழுத்துக்கொள்ளும் கம்பி உருளை, அதன் கொக்கியை மாட்ட எதிரே அசையாத ஒன்று இருக்க வேண்டும். நம் கடற்கரை மணலில் அது கிடைக்காது.

முதல் செலவு டயர். பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மணலுக்காகக் காற்றை இறக்கும்போது மடங்கி நிமிர்வது அந்தச் சுவர்தான். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். 4 ஹையில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலையில், முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. டயர் அளவு வேறுபட்டால் அந்த இழுபறி முழுவதும் எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும்.

அடுத்தது ஆயில். "சர்வீஸ் முடிச்சுத்தான் குடுக்குறேன்" என்று விற்பவர் சொன்னால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் மட்டும்தான் மாறியிருக்கும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சுகளின் நடுவே இருக்கும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் நான்கையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே காற்று போய்வரும் பிரீதர் குழாயும் சீலும் சரியா என்று பார்க்க வேண்டும்.

மிச்சப் பணத்தில் காற்றழுத்த மீட்டர், பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் கம்ப்ரசர், குட்டைப் பிடி மண்வெட்டி, இழுக்கும்போது நீண்டு சுருங்கும் கைனெடிக் கயிறு, கயிற்றை மாட்ட எடை முத்திரை பதித்த இரண்டு ஷேக்கிள் வளையம், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுர 18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். சீமைக் கருவேல முள் நம் ஊரில் டயருக்கு நிரந்தர எதிரி, பஞ்சர் கிட்டும் இருக்கட்டும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் மலிவு கம்ப்ரசர் பக்கம் போகாதீர்கள். நான் வாங்கியது இரண்டாவது டயரிலேயே சூடேறி நின்றது.

கேள்வி: மழை நேரத்தில் ஈ.சி.ஆரில் பாதுகாப்புக்காக 4 ஹை போட்டு ஓட்டலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: உங்களுடையது பார்ட் டைம் வகை (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவைக்கு மாற்றுவது) என்றால் தார்ச்சாலையில் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் 2 ஹைதான். ஈரத்துக்கு நல்ல டயரும் குறைந்த வேகமும் போதும்.

கேள்வி: டவுனுக்குள் ஓட்டிப் பழகியவள் நான். கணவர் வாங்கிய பழைய ஜீப் இப்போது என் பொறுப்பு. மணலில் இறக்கக் கை நடுங்குகிறது. எங்கே, எப்படிப் பழகுவது?
— வாசகி, மண்டபம்

பதில்: பயம் இருப்பது நல்லதுதான், அவசரப்பட மாட்டீர்கள். கடற்கரை வேண்டாம். ஜனவரியிலிருந்து ஆமைகள் ஏறி முட்டையிடும் கரை அது, வலை காயும் இடமும் அதுதான். தனுஷ்கோடிக்குப் போனாலும் 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது, அதை விட்டு இறங்க ஒரு காரணமும் இல்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டு மணல் தடம் ஒன்றை, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தேர்ந்தெடுங்கள். இன்னொரு வண்டி கூட வரட்டும். காலையில் போங்கள். பனி ஈரத்தில் மணல் இறுகியிருக்கும், உச்சி வெயிலில் உதிர்ந்துவிடும்.

பழைய ஜீப் என்றால் முன்சக்கரத்தின் நடுவே, சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் லாக் திருகு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இறங்கி இரண்டு பக்கமும் லாக்கில் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் உள்ளே லீவரைப் போட்டும் முன்சக்கரம் இழுக்காது.

மணலுக்கு முன்பே காற்றை இறக்குங்கள். 32 பி.எஸ்.ஐ. இருந்தால் 18. டயர் நீளவாக்கில் படர்ந்து எடையைப் பரப்பும். 4 ஹை, இரண்டாம் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர். சட்டென்று திருப்பாதீர்கள், இந்தக் காற்றில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், முடிந்தால் இறக்கத்தில். பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டிக்கொள்ளும், பிறகு கிளம்பாது.

சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லையா? அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு வரை புதையும். ஸ்டீயரிங்கை நேராக்கி, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் போகும் திசையில் நான்கு சக்கரத்துக்கும் மணலை வாரி, டிஃபரன்ஷியல் அடியிலும் வாரி, காற்றை 14-க்கு இறக்கி, 4 லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) மெதுவாக எடுங்கள். பத்தில் ஒன்பது முறை கயிறு தேவைப்படாது. தேவைப்பட்டால் சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் பந்தில் மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்து உயிர் போயிருக்கிறது. கயிறு இழுபடும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

தேவிபட்டினம், தொண்டி போலப் பாக் விரிகுடாப் பக்கம் போனால் மேலே வெள்ளையாக உப்பு பூத்த தரையை நம்பாதீர்கள். ஓடு போல இறுகித் தெரியும், அடியில் சேறு. அதில் காற்றை இறக்கினாலும் பலன் இல்லை. தார்ச்சாலை ஏறும் முன் 2 ஹைக்கு மாற்றி, காற்றைப் பழைய அளவுக்குப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: முன்னால் புல் பார் (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புச் சட்டம்) போட்டால் கெத்தாக இருக்குமே?
— வாசகர், பரமக்குடி

பதில்: கூடாது. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது ஏர்பேக் சென்சாரின் கணக்கை அது குழப்பும், நடந்து போகிறவரின் எலும்பை முறிக்கும்.

கேள்வி: விற்றவர் "புது அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கு, துரு பயமே இல்ல" என்றார். கறுகறுவென்று இருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: விற்பதற்கு முந்தைய வாரம் அடித்த கறுப்புப் பூச்சைப் போல எனக்கு ஆத்திரம் தருவது வேறில்லை. துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே தார்ப் பூச்சு அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் இரும்பைத் தின்னும். வாங்குபவரின் கண்ணை மூடும் வேலை இது.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸிஸ் நெடுக மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் பொத்தென்று அமுங்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், பாடி மவுண்ட், பிரேக் குழாய், சேஸிஸின் பின்கோடி ஆகியவை முதலில் போகும். சேஸிஸ் துளைக்குள் விரலை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் பூச்சு வெறும் வேஷம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது.

சரியான முறை இது: கம்பி பிரஷ்ஷால் சுரண்டல், துரு தடுப்புப் பிரைமர், அதன்மேல் மெழுகு வகைப் பூச்சு, சேஸிஸ் குழலுக்குள்ளும் அதே மெழுகு. வடிகால் துளைகளை அடைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துத் தொட்டுப் பூச வேண்டும். அதைவிட முக்கியம் கழுவும் தண்ணீர். கடலோரத்தில் பல போர்வெல்களில் வருவதே உப்புத் தண்ணீர். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதாகும். கண்ணாடியில் ஒரு கை தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். வெள்ளைத் திட்டு அழுத்தமாக நின்றால் அந்த வாட்டர் சர்வீஸ் வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதமாக ஓட்டுகிறேன், இன்னும் பெயர் மாற்றவில்லை. இன்ஷூரன்ஸும் பழையவர் பெயரில்தான். இப்போது அவர் போனை எடுப்பதில்லை.
— வாசகர், திருவாடானை

பதில்: எண்பதாயிரத்துக்கு அலாய் வீல் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நேரம் இருந்தது, பெயர் மாற்றும் படிவம் 29, 30-க்கு இல்லையா? நாளையே அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். வண்டிமேல் கடன் இருந்ததென்றால் படிவம் 35-உம் வேண்டும். இன்ஷூரன்ஸ் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். கையெழுத்து கிடைக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: வியாபாரி ஒருவர் ஃபோர் பை ஃபோர் என்று விளம்பரம் போட்டு விற்றார். நான்கரை லட்சம். மெக்கானிக் தூக்கிப் பார்த்தால் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டே இல்லை. டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிகிறது. கேட்டால் "பாத்துத்தானே வாங்குனீங்க" என்கிறார். நான் செவிலியர், சேமிப்பு முழுவதும் போனது.
— வாசகி, ராமநாதபுரம்

பதில்: உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை. விளக்கு எரிந்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். ஷாஃப்டைக் கழற்றியவருக்கு அது தெரிந்தே இருக்கும்.

வண்டியில் இனி ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள். அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள், மெக்கானிக்கிடம் தேதியுடன் எழுதி வாங்குங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன வங்கி விவரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடாச் சான்றுடன், 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள்: ஷாஃப்டைப் பொருத்தி இயங்கும் நிலையில் கொடு, அல்லது பணத்தைத் திருப்பு. 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். விற்றவர் வியாபாரம் செய்பவர் என்பதால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. தனிநபர் ஒருவர் தன் வண்டியை விற்றிருந்தால் இவ்வளவு எளிதல்ல.

நோட்டீஸ் எழுதத் தயக்கமாக இருந்தால் வரைவை அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டால் கடல் தண்ணீரில் இறக்கலாமா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: ஸ்நார்க்கல் எஞ்சின் மூச்சை மட்டும்தான் காக்கும். வீல் பேரிங், ஆல்டர்னேட்டர், வயரிங், பிரேக் எல்லாம் உப்பில்தான் ஊறும். இறக்காதீர்கள்.