புதுப் பாதை அப்புறம், பழைய பாலம் முதலில்

கேள்வி: பெட்ரோல் போட்டால் செஸ் என்ற கூடுதல் வரி, நெடுஞ்சாலையில் ஏறினால் டோல். புல்லட் ரயில், எக்ஸ்பிரஸ் சாலை என்று அறிவிப்புகளுக்கும் குறைவில்லை. இன்னொரு பக்கம் ரயில் தடம் புரள்கிறது, பாலம் இடிந்து விழுகிறது. போக்குவரத்துக்கான பணத்தை மத்திய அரசு முதலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்?

பதில்: இருப்பதைப் பராமரிப்பதற்கு. அது போக மிச்சமிருப்பதில்தான் புதியது. இந்த வரிசையைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். எந்த அமைச்சர் வந்தாலும் மாற்ற முடியாதபடி இருக்க வேண்டும்.

பணம் இல்லை என்ற பேச்சுக்கு இன்று இடமில்லை. 2025-26 பட்ஜெட்டில் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு மட்டும் 2.52 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நெடுஞ்சாலைகளுக்கு அதைவிடவும் அதிகம். ஆனால் இது பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்கும் வாங்குவதற்குமான பணம். பழையதை மாற்றும் செலவை ரயில்வே தன் வருவாயில் எடுத்து வைக்கும் தேய்மான நிதியிலிருந்து செய்வதுதான் பழைய வழக்கம். சில ஆண்டுகளாக 100 ரூபாய் சம்பாதிக்க ஏறக்குறைய 98 ரூபாய் செலவழிக்கும் ஒரு நிறுவனத்திடம் எடுத்து வைக்க என்ன இருக்கும்?

இது தெரியாமல் இல்லை. அதனால்தான் 2017-18 பட்ஜெட்டில் ரயில் பாதுகாப்புக்கென்றே 'ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ்' என்ற தனி நிதியை அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கோடி. ஆண்டுக்கு 15,000 கோடியை அரசு தரும், 5,000 கோடியை ரயில்வே தன் கையிலிருந்து போடும் என்பது ஏற்பாடு. தடம்புரளல்களைப் பற்றி, அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. கொடுத்த அறிக்கை 2022 கடைசியில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே போட்டிருக்க வேண்டியது 20,000 கோடி. போட்டது 4,225 கோடி. தண்டவாளங்களைப் புதுப்பிக்க 2018-19இல் 9,607 கோடி ஒதுக்கியவர்கள், அடுத்த ஆண்டு அதை 7,417 கோடியாகக் குறைத்துவிட்டார்கள். அந்தக் குறைந்த தொகையும் முழுதாகச் செலவாகவில்லை. தனி நிதிக்குப் பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள், 2023 ஜூன் 2ஆம் தேதி, ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைனை விட்டு விலகி, பக்கத் தடமான லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே தண்டவாளம் தேய்ந்திருக்கவில்லை. சிக்னல் வயரிங்கில் செய்த வேலைதான் தவறு. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் வேறு. 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் இன்னொரு நிலையத்திலும் தவறான வயரிங்கால் இதே மாதிரி நடந்திருக்கிறது. அப்போதே சரிசெய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று அந்த அறிக்கை சொல்கிறது. பராமரிப்பு என்று நான் சொல்வதில் இதெல்லாம் சேர்த்திதான்: வேலைக்கு நேரம் ஒதுக்குவது, செய்த வேலையை இன்னொருவர் சோதிப்பது, சின்னத் தவறு தெரிந்த அன்றே அதை எல்லா நிலையங்களிலும் தேடிப் பார்ப்பது. இதற்கு ஆள் வேண்டும். காலிப் பணியிடங்களை வைத்துக்கொண்டு இது நடக்காது.

சாலைக்கு வருவோம். 2018 ஜூலையில் லாரிகளின் சுமை வரம்பை உயர்த்தினார்கள். நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு (சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு) 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. கேட்பதற்கு 13 சதவீதம்தான். ஆனால் ஆக்சில் சுமை கூடினால் சாலையின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் (அதே விகிதத்தை நான்கு முறை ஒன்றோடொன்று பெருக்கிய அளவில்) கூடும் என்பது சாலைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த 13 சதவீதம் சாலைக்கு 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் சேதம். சரக்குக் கட்டணம் மிச்சமாகும், நல்லதுதான். அந்த மிச்சத்திலிருந்து ஒரு பங்கை சாலைக்குத் திருப்பித் தரும் ஏற்பாட்டையும் அன்றே செய்திருக்க வேண்டும். காரில் போகிறவரும் பைக்கில் போகிறவரும் பெட்ரோல் செஸ் கட்டி அந்தச் சேதத்தை ஈடுகட்டுவது நியாயமே இல்லை. மின்சார வாகனங்கள் பெருகப் பெருக இந்த செஸ் வருமானமும் குறையும். அதற்குள் எடையையும் ஓடிய தூரத்தையும் வைத்துக் கனரக வாகனங்களுக்குக் கட்டணம் போடும் முறைக்கு மாறிவிட வேண்டும்.

செஸ் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 2000ஆம் ஆண்டு சட்டப்படி அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது மத்திய சாலை நிதிக்கு. 2018இல் அந்த நிதியை 'மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி' என்று மாற்றி, சாலையோடு சம்பந்தமில்லாத பல துறைகளுக்கும் திறந்துவிட்டார்கள். எல்லாமே தேவையான துறைகள்தான். ஆனாலும் சாலையின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தில் பழுதுபார்ப்புக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சப் பங்கு ஒன்றைச் சட்டத்தில் குறித்திருக்க வேண்டும்.

புல்லட் ரயிலுக்கு நான் எதிரி இல்லை. மும்பை-அகமதாபாத் 508 கிலோமீட்டர் பாதைக்கு முதலில் போட்ட மதிப்பீடு 1.08 லட்சம் கோடி. பெரும்பகுதி ஜப்பான் குறைந்த வட்டியில் தரும் கடன். அந்தக் கடனை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறியாளர்களின் நேரத்தையும் அமைச்சகத்தின் கவனத்தையும் எந்த நாடும் கடனாகத் தராது.

பாலங்களைப் பற்றியும் கேட்டீர்கள். 2025 ஜூலையில் குஜராத்தில் இடிந்த கம்பீரா பாலம் 1985இல் கட்டியது. நாற்பது வயதுதான். இடிந்தபோது வாகனங்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டிலுள்ள ஒவ்வொரு பெரிய பாலத்துக்கும் கடைசியாகச் சோதித்த தேதி, கண்ட குறை, அதைச் சரிசெய்யக் கெடு ஆகிய மூன்றையும் பாலத்தின் முகப்பிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, ரயில்வே மானியக் கோரிக்கையின்போது தண்டவாளப் புதுப்பிப்பில் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று அவையில் கேட்டாரா என்று விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.