குரங்கரசன் வேடத்தில் ஒரு வாழ்நாள்: சீன நடிகர் ஜாங் ஜின்லாய் குறித்த கேள்வி பதில்

கேள்வி (புதிய வாசகர் ஒருவர்): சீனத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தாங்கள் ஜாங் ஜின்லாய் பெயரைச் சொல்கிறீர்கள். அவர் யார்?

பதில்: 1986-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கிய 'மேற்கு நோக்கிய பயணம்' தொடரில், சுன் வுகோங் என்னும் குரங்கரசனாக நடித்தவர். நம் பள்ளிப் பாடநூல்கள் யுவான் சுவாங் என்று குறிப்பிடுகின்றனவே, காஞ்சிபுரம் வரை வந்து சென்ற அந்தத் துறவியின் இந்தியப் பயணத்தை மாயக்கதையாக விரித்துச் சொல்லும் பதினாறாம் நூற்றாண்டுப் புதினத்தைத் தழுவியது அந்தத் தொடர். துறவிக்குத் துணையாக வரும் குரங்குதான் அதன் நாயகன். ஜாங் 1959-இல் ஷாங்காயில் பிறந்தார். பூர்வீகம் ஜெஜியாங் மாகாணத்தின் ஷாவ்ஷிங். அவருடைய கொள்ளுத்தாத்தா ஊர்த் திருவிழாக்களில் குரங்கு வேடம் கட்டிய உழவர். தாத்தாவும் அதே வேடத்தில் பெயர் பெற்றவர். தந்தை ஜாங் சோங்யி, 'லியூ லிங் தோங்' என்ற மேடைப்பெயரோடு, ஷாவ்ஷிங் இசைநாடகத்தின் தலைசிறந்த குரங்கு நடிகராகத் திகழ்ந்தார். ஜின்லாய் அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறை.

கேள்வி (நாடகக் கலைஞர் ஒருவர்): அப்படியானால் இந்த வேடம் பிறவியிலேயே அவருக்கென்று குறிக்கப்பட்டதா?

பதில்: இல்லை. அது அவருடைய அண்ணனுக்கென்று எண்ணி வைத்திருந்தது. சிறுவயதிலேயே குரங்கு வேடத்தில் புகழ்பெற்ற அந்த அண்ணன், 1966-இல் இரத்தப் புற்றுநோயால் பதின்ம வயதிலேயே இறந்துபோனார். அண்ணனின் மேடைப்பெயரில் இருந்த அதே எழுத்துகளை இடம் மாற்றி, 'லியூ ஷியாவ் லிங் தோங்' என்று தம்பி சூட்டிக்கொண்டார். பிறகு ஜெஜியாங் குன்ச்சு இசைநாடகக் குழுவில் சேர்ந்து சண்டை வேடங்களில் பயிற்சி பெற்றார். இயக்குநர் யாங் ஜியே, தொடருக்கு ஆள் தேடி ஷாவ்ஷிங்குக்குச் சென்று தந்தையைச் சந்தித்தபோது, தந்தை இந்த மகனைப் பரிந்துரைத்தார்.

ஒரு பெரும் தடை இருந்தது. ஜாங்குக்குக் கிட்டப்பார்வை, கண்ணில் ஒளி இல்லை என்று இயக்குநரே தயங்கினார். குரங்கரசனோ தீக்கண்ணன், ஒரே பார்வையில் அசுரரை அடையாளம் காண்பவன். ஆகவே அவர் விடியற்காலையில் உதய சூரியனைப் பார்ப்பதும், இருட்டறையில் ஊதுபத்தியின் கனலைக் கண்ணால் தொடர்வதும், மேசைப்பந்து ஆட்டத்தில் தலையை அசைக்காமல் விழிகளை மட்டும் இருபுறமும் ஓட்டுவதுமாகப் பழகினார். (சூரியனைப் பார்க்கும் பயிற்சியை யாரும் பின்பற்ற வேண்டாம்.) என் கணிப்பில், அந்த நடிப்பின் உயிர் குட்டிக்கரணங்களில் இல்லை, சொறிந்துகொண்டும் பரபரத்துக்கொண்டும் இருக்கும் ஒரு விலங்கு, குருவான துறவியால் விரட்டப்படும்போது ஒரு நொடியில் மனம் உடைந்த மாணவனாக மாறுகிற அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

கேள்வி (திரைப்படக் கல்லூரி மாணவி ஒருவர்): படப்பிடிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது ஏன்?

பதில்: பணமும் கருவிகளும் போதாமையே முதற்காரணம். 1982-இல் தொடங்கிய வேலை, 25 பகுதிகளும் முழுமையாக ஒளிபரப்பான 1988 வரை நீண்டது. ஏறக்குறைய முழுத் தொடரையும் ஒரே ஒளிப்பதிவுக் கருவியால் எடுத்தார்கள். அதை இயக்கியவர் யாங் ஜியேயின் கணவர் வாங் சோங்ச்சியூ. திட்டமிட்டது 30 பகுதிகள். நிதி வற்றியபோது ஒரு இரயில்வே கட்டுமான நிறுவனம் கைகொடுத்ததால் 25 பகுதிகளாவது முடிந்தன. துறவி வேடத்தில் மட்டும் மூன்று நடிகர்கள் அடுத்தடுத்து மாறினார்கள்; குரங்கு மாறவில்லை. கோடை வெயிலில் இரப்பர் முகமூடிக்குள் வியர்வை குளமாகத் தேங்க, அனுபவம் போதாத குழுவினர் கட்டிய கம்பிகளில் தொங்கிப் பறந்து, அவை அறுந்தபோது விழுந்து எழுந்து, அவர் அத்தனை ஆண்டுகளும் அதே வேடத்தில் நின்றார். அதற்காகச் சீனத் தொலைக்காட்சிக்கான தங்கக் கழுகு விருதின் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது.

கேள்வி (வாசகி ஒருவர்): சுன் வுகோங் நம் அனுமன்தானா?

பதில்: அறிஞர்களிடையே தீராத வழக்கு. அனுமனே மூலம் என்று சீன அறிஞர் ஹூ ஷி வாதிட்டார்; பழஞ்சீனக் கதைகளில் வரும் நீர்ப்பூதமான குரங்கே மூலம் என்றார் எழுத்தாளர் லூ ஷுன். பின்னவர், ஜாங் குடும்பத்தின் ஊரான அதே ஷாவ்ஷிங்கைச் சேர்ந்தவர்.

கேள்வி (வேறொரு வாசகர்): தொடரில் குரங்கரசனின் குரலும் ஜாங்குடையதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. லி ஷிஹோங் என்ற குரல்நடிகருடையது. உடலும் குரலும் இரு வேறு மனிதர்களிடமிருந்து வந்தவை என்பதைச் சீனர்களிலேயே பலர் அறியார்.

கேள்வி (மூத்த வாசகர் ஒருவர்): வேறு வேடங்களே அவருக்கு அமையவில்லையா?

பதில்: அமைந்தன, ஆனால் நிலைக்கவில்லை. முகமூடி இல்லாமலும் திரைப்படங்களில் நடித்தார்; எடுபடவில்லை. 2000-இல் வந்த 16 பகுதிகள் கொண்ட தொடர்ச்சியில் மீண்டும் குரங்கானார். 2010-இல், புதினத்தின் ஆசிரியராகக் கருதப்படும் வு செங்கென்னின் வாழ்க்கையைச் சொன்ன தொடரில், ஆசிரியராகவும் குரங்காகவும் அவரே நடித்தார்.

கேள்வி (அதே மாணவி): இன்றைய சீன இளைஞர்கள் அவரைக் கேலி செய்வதாகப் படித்தேன். காரணம் என்ன?

பதில்: சீன நாட்காட்டியில் 2016 குரங்கு ஆண்டு. மத்தியத் தொலைக்காட்சியின் வசந்தவிழா (சீனப் புத்தாண்டு) நிகழ்ச்சியில் அவர் இடம்பெற வேண்டும் என்று இணையத்தில் பேரலையே எழுந்தது. ஆனாலும் அவர் இடம்பெறவில்லை. அந்த அனுதாபம் இரண்டே ஆண்டுகளில் கரைந்தது. சீன அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பில் தாம் நடிக்கவிருப்பதாக ஒரு படத்தைப் பற்றி அவர் மேடைதோறும் சொன்ன வரிகள் நகைச்சுவைத் துணுக்குகளாயின. குரங்கரசனுக்குக் காதல் கற்பிக்கும் படைப்புகளை அவர் கண்டித்ததோ, 1995-இல் ஹாங்காங் நடிகர் ஸ்டீபன் சௌ காதலிக்கும் குரங்காக நடித்த படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பிடிக்கவில்லை.

இதில் நான் இளைஞர் பக்கமே சாய்வேன். புதினத்தின் வுகோங், தான் அசுரனாக இருந்த காலத்தில் மனிதரைத் தின்றதை ஓரிடத்தில் தானே சொல்கிறான். 1986 தொடரின் தூய வீரனிடம் அந்த நிழல் இல்லை. ஜாங் கட்டிக்காத்ததும் ஒரு தழுவல்தான். அதனால் அவருடைய நடிப்பின் மதிப்பு குறைந்துவிடாது. 2024 ஆகஸ்டில் வெளியான 'கருப்புத் தொன்மம்: வுகோங்' கணினி விளையாட்டு, அவருடைய குரங்கிலிருந்து முற்றிலும் விலகிய ஒரு குரங்கைப் படைத்தது, ஆயினும் அதை உருவாக்கியவர்கள், ஷு ஜிங்ச்சிங் 1986 தொடரின் தொடக்கத்துக்கென அமைத்த இசையையே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.